எர்ணாவூரில் ரெண்டு மணி

ராஜஸ்தானில் ஆயிரத்து இருநூறு அடி போர் இறக்கியிருக்கிறேன். கென்யாவில் எங்கள் ரிக் வண்டியைப் பார்க்க ஊரே திரண்டு வந்திருக்கிறது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்ப்ரஸருக்கு டீசல் ஊற்றும் வேலையில் சேர்ந்து, ஏழு போர்வெல் வண்டிக்கு முதலாளி ஆனேன். திருச்செங்கோட்டில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம். இத்தனை ஊர் பார்த்தவன் மெட்ராசில் பாரிமுனைக்கு வடக்கே மட்டும் கால் வைத்ததில்லை. அங்கே எங்களை யாரும் கூப்பிடுவதில்லை, போட்டாலும் உப்புத் தண்ணிதான். போன ஐப்பசியில் ஒரு வாரம் அங்கேயே கிடந்தேன், மகளுக்கு எடுபிடியாக.

என் மகள் செல்வி இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வயசுக்கு வந்த பிறகு அவர்கள் மனசு என்ன பாடு படுகிறது என்பதுதான் அவள் படிப்பு. ஆட்டிசம் வியாதி இல்லை, பிறவியிலேயே வரும் அமைப்பு என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். அந்த அமைப்போடு பிறந்தவர்களுக்கும் துக்கம் உண்டு, பயம் உண்டு, தூக்கம் கெடும், செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆனால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை, அம்மாவைத்தான் கேட்கிறார்கள். அவள் அவர்களையே கேட்க வந்திருந்தாள். உதவிக்குக் கூட வர வேண்டிய பெண்ணுக்கு டெங்கு வந்துவிட்டது. நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இங்கே வருகிற பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன், அது செல்வியின் நிபந்தனை.

முதல் நாள் பெரம்பூர். ரயில்வே ஊழியர் வீடு, கழுவித் துடைத்த வீடு. பதினேழு வயசுப் பெண் எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பேசாது, போனில் டைப் அடிக்கும். செல்வி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அஞ்சு நிமிஷம் ஆயிற்று. எனக்கு உட்கார்ந்த இடத்தில் அரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் டைப் அடித்து முடித்ததும் செல்வி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தாத்தா ரொம்பச் சத்தமாக மூச்சு விடுகிறார், வெளியே போகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்ததாம். கென்யா மந்திரியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவனை ஒரு சின்னப் பெண் வெளியே அனுப்பிவிட்டது. படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் செல்வி எனக்குப் பாடம் எடுத்தாள். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பத்து நிமிஷம் ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர், "தண்ணி வருமாங்க?" என்று கேட்டால் அந்த நிமிஷமே பதில் சொல்லியாக வேண்டும். யோசித்தால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். முப்பது அடிக்கு மண், அப்புறம் பாறை, பாறைக்கு அடியில் ஊற்று என்று பார்க்காமலே அடித்துவிடுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஏழு வண்டி வந்தது.

ரெண்டாம் நாள் வள்ளூர் பக்கம். அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் காரோடு கூடவே வருவதுபோல இருந்தன, எவ்வளவு ஓட்டினாலும் நகரவில்லை. எங்கள் ஊரில் மலை அப்படித் தெரியும், இங்கே புகைக்கூண்டு. அங்கே பார்க்கப் போன பையன் எங்களைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். அவன் அப்பா வெட்கப்பட்டு இழுக்கப் பார்த்தார். செல்வி வேண்டாம் என்று தடுத்து, தானும் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளோ அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். வருகிற வழியில் கன்டெய்னர் லாரிகள் மூன்று மைல் நின்றன. ஒரு துருப்பிடித்த போல்ட் பின் டயரில் ஏறிவிட்டது. என் வயசில் நானே ஜாக்கி போட்டு மாற்றினேன். ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "இன்னா நைனா, இந்த வயசுல பில்டப்பு?" என்று ஸ்பானரை வாங்கி நட்டை முடுக்கிக் கொடுத்தான். துறைமுகத்துக்குள் போக முந்தின நாள் காலையிலிருந்து வரிசையில் நிற்கிறானாம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான்.

மூன்றாம் நாள் எர்ணாவூர். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

காலையில் திருவொற்றியூரில் இட்லியும் வடகறியும் தின்றோம். வடகறி என்றால் கறி என்று நினைத்துவிட்டேன், கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட குழம்பு. காலைச் சாப்பாட்டை இங்கே நாஸ்டா என்கிறார்கள். நல்ல ருசி. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் காரின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரித்தூள்.

ஸ்டெல்லாவின் வீடு ஹவுசிங் போர்டு கட்டிடத்தில் மூன்றாவது மாடி. ராயபுரத்து மாதா கோயில் தெருவில் பிறந்தவர், கிறிஸ்தவர். புருஷன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்து, நெஞ்சுவலியில் போய்விட்டார். ஸ்டெல்லாவுக்குக் காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை, மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகிவிடும். பனிக்கட்டித் தண்ணியில் ஊறி ஊறி விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. ஒரே மகன் ஜெரோம், இருபத்தோரு வயசு. உயரம், என்னைவிட ஒரு தலை கூட. தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை ஒரே அளவுக் கீற்றாகக் கிழித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு நேர்த்தியை நான் ஸ்கேல் வைத்து வெட்டியும் பார்த்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால், நாலு மாசமாக மதியம் ஆனால் அவன் தலையைச் சுவரில் முட்டுகிறான். கதவுக்குப் பக்கத்துச் சுவர். சுண்ணாம்பு பெயர்ந்து, அந்த இடம் பழுப்பாக இருந்தது. நெற்றியில் காய்ப்பு. கீழ் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். செங்குன்றம் தாண்டி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு ஹோம் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே கொண்டுபோய் விடுவதாக ஸ்டெல்லா சொன்னார். அன்றைக்குப் புதன்.

"கொஞ்சம் லேட்டுதான் இவன். நேத்து கேட்டதுக்கு இன்னிக்கு பதில் சொல்லுவான். கரன்ட் வந்துட்ச்சான்னு கேட்டா, அடுத்த தபா கட் ஆவும்போது வந்துட்ச்சும்மான்னுவான்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

செல்வி ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருந்தாள். அவனை வாங்க போங்க என்றுதான் பேசினாள். கடைசியாக ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். அதில் அஞ்சு படம். விடிகாலை, உச்சி வெயில், சாயங்காலம், ராத்திரி. அஞ்சாவது, சிரிக்கிற மூஞ்சி.

"ஜெரோம், தினமும் உங்களுக்கு பயம் வர்ற நேரம் எது? பயமே இல்லைன்னா சிரிக்கிற மூஞ்சியைத் தொடுங்க" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. மூணு நாளைக்கு அப்புறம் வந்த லாரியாம். ஸ்டெல்லா குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருக்கு முழங்கால் வலி, மூன்று மாடி. செல்வியும் ரெண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது என்னிடம், "கேள்வி கேட்டாச்சுப்பா. சும்மா உட்காந்திருங்க. எதைத் தொடறாரோ இந்தத் தாள்ல அந்தப் படத்துல டிக் போடுங்க. தொடலைன்னா வெறுமனே விட்டுடுங்க" என்றாள். ஸ்டெல்லா படியிலிருந்தே கத்தினார்: "அவனுக்கு இன்னா நைனா பயம்? சிரிக்கிற மூஞ்சில போட்டுடு."

நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் அட்டையைப் பார்த்தான். கீற்றுகளைப் பார்த்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம். மூணு. அவன் கை தரையில் ஒரு சாண் நகர்ந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. இவனுக்கு ஒன்றும் புரியவில்லை, என் பிள்ளை பாட்டுக்கு லண்டனிலிருந்து வந்து நேரத்தை வீணாக்குகிறது என்றுதான் நினைத்தேன். பெற்ற தாயே சொல்லிவிட்டார். பேனாவை எடுத்துச் சிரிக்கிற மூஞ்சியில் டிக் போட்டேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன். செல்வி மூச்சிரைக்கக் குடத்தோடு வந்து, "தொட்டாரா?" என்று கேட்டபோது, "தொட்டாப்புல கண்ணு" என்றேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. நேரத்தைக் காட்டுகிற படத்தில் எதைத் தொட்டிருந்தாலும், அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று பேசி வைத்திருந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் விதி. சிரிக்கிற மூஞ்சி என்றால் கூப்பிட வேண்டியதில்லை. ஸ்டெல்லா, "அப்ப அனுப்பலாம் இல்ல பாப்பா?" என்று கேட்டார். செல்வி, நான் டாக்டர் இல்லைங்க, அதை நான் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னாள். என் டிக் கையில் இருக்கும்போது அவள் வேறு என்ன சொல்வாள்?

சனிக்கிழமை நானே கார் தருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறி அந்தப் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவார்? என் வண்டி ஏசி, புதுசு. உதவி செய்கிறோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் செல்வி தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து எழுதினாள். நான் காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்தேன், ராயபுரத்தில் வறுத்த வஞ்சிரம் தின்றேன், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நாற்பது நிமிஷம் நின்றேன். எங்கள் ஊரில் யாராவது இறங்கிப் போய்க் கேட்மேனைத் திட்டியிருப்பார்கள். இங்கே ஜனங்கள் வண்டியை அணைத்துவிட்டு சுண்டல் வாங்கித் தின்கிறார்கள். நிற்பது பழகிப்போன ஜனங்கள்.

சனிக்கிழமை காலை. முன்னால் செல்வி, பின்னால் ஸ்டெல்லா, ஜெரோம். ஜெரோமின் மடியில் ஒரு பை. அதில் ரெண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, ஒரு கட்டு செய்தித்தாள். ஸ்டெல்லா அவன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார். மாதவரம் ரவுண்டானா தாண்டியதும் அவன் பேசினான். முதல் தடவையாக அவன் குரலைக் கேட்டேன். கனத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது.

"வெயில் படம். ரெண்டு மணி. அம்மா வெளிய பூட்டு போடும். கேஸ் வந்துச்சு. எல்லாரும் ஓடனாங்க. நான் தட்னேன். தட்னேன். யாரும் வரல."

செல்வி திரும்பிப் பார்த்தாள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். நான் நிறுத்தினேன். அவள் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயசில் நான் யார் முன்னாலும் தலை குனிந்தது இல்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "அவன் தொடலை கண்ணு. நானா போட்டுட்டேன்" என்றேன். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டெல்லாதான் பேசினார். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு மதியம் எந்தப் பக்கத்திலிருந்தோ வாயு கசிந்து அந்தக் கட்டிடமே கண் எரிச்சலோடு இறங்கி ஓடியிருக்கிறது. ஸ்டெல்லா அப்போது ஷெட்டில் இருந்தார். ஜெரோமைப் பூட்டாமல் விட முடியாது. விட்டால் நேராக எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போய் லாரிகளுக்கு நடுவில் நிற்பான், ரெண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. அதனால் வெளியே பூட்டு. சேதி கேட்டு அவர் ஓடி வந்து திறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடந்திருக்கிறான். மறுநாளிலிருந்து ரெண்டு மணி ஆனால் முட்டுகிறான்.

"எனுக்கு தெர்யும் பாப்பா. மொத நாளே தெர்யும்" என்றார். "கோவத்துல முட்டலை, தட்றான்னு தெர்யும். சொன்னா இன்னா பண்ணுவீங்க? பூட்டாதன்னுவீங்க. பூட்டாம நான் எப்டி வேலைக்கி போறது? வண்டிய எடு நைனா."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஜெரோமைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியை எடுத்தேன்.

ஹோம் பார்க்க மோசம் இல்லை. வேப்பமரம், கூட்டிப் பெருக்கிய முற்றம், சமையல் வாசனை. வார்டன் என்று ஒருவர் வந்து மரியாதையாகப் பேசினார். அறைகளைக் காட்ட அழைத்துப் போனார். வரிசையாக எட்டுக் கதவு. எல்லாக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் பூட்டு. ஜெரோம் முதல் கதவிலேயே நின்றுவிட்டான். தாழ்ப்பாளை விரலால் ஒரு தடவை தடவினான், நாம் துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல.

ஒரு அறையை மட்டும் பூட்டாமல் விட முடியுமா என்று ஸ்டெல்லா கேட்டார். வார்டன் வருத்தமாகத்தான் சொன்னார். ராத்திரி முப்பது பேருக்கு ரெண்டே ஆள், ஒருத்தனுக்காகத் திறந்து வைத்தால் மற்றவர்களை யார் பார்ப்பது என்றார். அதுவும் நியாயம்தான். ஸ்டெல்லா மகன் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு என் வூட்டு பூட்டே போதும்" என்றார்.

திரும்பி வந்தோம். செல்வி அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனில் பேசினாள். பயத்துக்கு மருந்தும் பயிற்சியும் இருக்கிறது, அடுத்த வாரம் கூட்டி வாருங்கள், ஆனால் முதலில் கதவைப் பூட்டக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆறு மணி நேரம் யார் உட்காருவது என்று எந்தச் சீட்டிலும் எழுதித் தருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டில் வேலை உண்டு. நான் போய் உட்கார்ந்தேன். ரெண்டு மணிக்கு ஸ்டெல்லா கிளம்பினார். கதவை அகலத் திறந்து வைத்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். ஜெரோம் சுவர்ப்பக்கம் போய், பழுப்பான இடத்துக்கு முன்னால் நின்றான். அவன் கதவைப் பார்த்தான். வந்து என் நாற்காலியை ஒட்டி நின்று, வெளி வராந்தாவைப் பார்த்தான். உள்ளே போனான். மறுபடி வந்தான். மூன்று மணி வரைக்கும் வந்து வந்து பார்த்தான். அப்புறம் உட்கார்ந்து காகிதம் கிழிக்க ஆரம்பித்தான். முட்டவில்லை. திறந்த கதவு வழியாகக் கரித்தூள் வந்து தரையெல்லாம் படிந்தது. எட்டு மணி வரைக்கும் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். ரிக்கில் ராப்பகல் நின்றவன் நான், ஆனாலும் அந்த ஆறு மணி நேரம்போல ஒரு வேலை செய்ததில்லை.

எதிர்வீட்டு அம்மா, சண்டைக்கு வந்தவர்களில் ஒருவர், நாலைந்து தடவை எட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "அத்த மொதல்லியே சொல்லக்கூடாதா? நாலு மணி வரிக்கும் நான் குந்திக்கிறேன். அதுக்கு மேல எனுக்கு டிபன் கடை கீது" என்றார்.

நாலிலிருந்து எட்டு வரைக்கும் ஆள் தேடினோம். செல்வி அந்தக் கட்டிடத்தில் எல்லாக் கதவையும் தட்டினாள், மாதா கோயிலில் கேட்டாள், டாக்டரிடம் கேட்டாள். ஷெட்டில் நேரத்தை மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சம்பளத்துக்கு ஆள் போடுகிறேன் என்று நான் சொன்னேன். வந்த ரெண்டு பேரும் ஜெரோமின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு ஊரில் வண்டி வேலை, செல்விக்கு விமானம். கிளம்பிவிட்டோம்.

மாசம் ஒன்றாகிறது. டாக்டரிடம் காட்டுகிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறான். எதிர்வீட்டு அம்மா சொன்ன சொல் தவறாமல் ரெண்டு மணிக்கு வந்து உட்காருகிறார். நாலு மணிக்கு எழுந்து, வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போகிறார். போன வாரம் ஸ்டெல்லாவிடம் பேசியபோது கேட்டேன். இப்போது சத்தம் நாலு மணிக்கு ஆரம்பிக்கிறதாம்.